செப்புக் குழாயில் கேட்டது

சித்தப்பாவின் மோட்டார் கரையை விட்டுக் கிளம்பும் சத்தத்தில் விழிப்பு வந்தது. நாலரை மணி இருக்கும். முதலில் பெட்ரோலில் மெல்லிய சீறல். இரண்டு மூன்று நிமிஷத்தில் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டார். தொண்டை கட்டியவர் பேசுவதுபோல ஒரு கரகரப்பு. திரும்பி வரும்போது கரைக்குச் சற்று முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுவார். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்தே தோள் விட்டுப்போகும்.

பூவேந்தியநாதர் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருக்கிறேன். சுறாவை அடக்க சாமி வலைஞராக வந்த கதையை இங்கே கடலுக்குள்ளேயே படகில் போய் நடத்துவார்கள். சின்ன வயதில் தவறவிட்டதில்லை. இந்த முறை மனம் முழுதாக அங்கே இல்லை. நேற்று இரவு போனில் வந்த ஒரு குரல் இன்னும் உள்ளே கிடக்கிறது. "அண்ணா, அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே. ரேஸ் பெட்ரோல் எது ஊத்தலாம்? ஈயம் இல்லாததா இருக்கணும். காசு பிரச்சினை இல்ல."

காசு பிரச்சினை இல்லை என்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

*

அவருடைய வண்டி 1.8 லிட்டர் மெர்சிடிஸ். பின்பக்கம் 'கம்ப்ரசர்' என்று எழுதியிருக்கும் பழைய வகை. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுகிறது. அந்தப் புல்லியை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள். சின்னப் புல்லி வேகமாகச் சுற்றும், காற்று கூடுதலாகப் போகும். கிராமத்தில் சொல்வதென்றால் கொல்லன் உலையில் துருத்தி ஊதுகிறவனுக்கு இன்னொரு கை முளைத்த மாதிரி.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரம் இல்லை. சூப்பர்சார்ஜர்களில் பழைய வகைக்கு ரூட்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கியது. அப்போது காருக்கு அல்ல, காரே பிறக்கவில்லை. இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது. துருத்தியாகவே வாழ்ந்து, பிறகு பந்தயத்துக்கு வந்தது.

அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்பின் நுனியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இன்று காலை திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிக்காற்று 35 டிகிரி. அதை 0.7 பார் கூடுதலாக அமுக்கினால், எந்த இழப்பும் இல்லாத கற்பனை இயந்திரத்தில்கூட 85 டிகிரிக்கு ஏறிவிடும். நிஜ இயந்திரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் திறன் என்று வைத்துக்கொண்டால் 120-ஐத் தொடுகிறது. டீ கொதிக்கிற சூட்டைத் தாண்டிய காற்றை இஞ்சினுக்குள் ஊதுகிறோம். இடையில் இருக்கும் இன்டர்கூலர் அதை இறக்க வேண்டும். இறக்குகிறதா என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பெட்ரோல் என்றுதான் கேட்டார். எல்லோரும் அப்படித்தான்.

*

என் ஆசான் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து மெக்கானிக். 1990இல் இருங்காட்டுக்கோட்டை தடம் வந்தபோதே அவருக்கு வயதாகிவிட்டது. கணினியை நம்பாதவர். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு முழம் செப்புக் குழாய். ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, இஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டோடு சேர்த்து முடுக்க வேண்டும். மறுநுனியில் ரப்பர் டியூப். அதன் முனை காதுக்கு.

இதில் கேட்டால் இஞ்சின் வேறு பிராணி. வால்வுகள் தையல் மெஷின்போல ஓடும். இன்ஜெக்டர்கள் நகத்தால் சுரண்டும். இதெல்லாம் சீரான சத்தம், சில நிமிஷத்தில் காதை விட்டு மறைந்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, அந்தச் சீருக்கு நடுவே எவர்சில்வர் டம்ளரில் புளியங்கொட்டை ஒன்று விழுந்த மாதிரி 'டிக்' என்று வரும். ஒன்றுதான். கேட்டோமா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். அடுத்து இரண்டு. அதற்கடுத்து ஒரு கைப்பிடி. அப்போது காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காதவர்களின் பிஸ்டன்களை எங்கள் பட்டறை அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஓரங்கள் எலி கொறித்ததுபோல இருக்கும்.

இதைத்தான் நாக்கிங், தட்டல் என்கிறோம். பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நடந்து போக வேண்டும். நடக்கிற தீ தன் முன்னால் இருக்கிற எரியாத கலவையை நெருக்குகிறது. நெருக்கம், சூடு. தீ வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் மூலையில் இருக்கும் கலவை தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால் சிலிண்டர் கோயில் மணிபோல அதிரும். கார் இஞ்சினின் அளவுக்கு அந்த அதிர்வு நொடிக்கு ஆறு ஏழாயிரம். அதுதான் புளியங்கொட்டை.

ஆக்டேன் எண் அளப்பது இந்தப் பொறுமையை. 'பவர்' பெட்ரோல் என்று பெயர் வைத்துவிட்டதால் எண் கூடினால் பலம் கூடும் என்று ஜனம் நினைக்கிறது. சொல்லப்போனால் எண் கூடக்கூட அந்தப் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள மறுக்கிறது. சாதாரண ஆல்டோவுக்கு 100 ஆக்டேன் ஊற்றுவது, நெருக்கமே இல்லாத இடத்தில் பொறுமைசாலியை உட்கார வைப்பது. அவருக்கு அங்கே வேலை இல்லை. துருத்தி பூட்டிய இஞ்சினில்தான் வேலை. 1940இல் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு நடந்தது அதுதான். அதே மெர்லின் இஞ்சின், அதே சூப்பர்சார்ஜர். 87 ஆக்டேனுக்குப் பதில் 100 ஊற்றியதும் காற்றழுத்தத்தை ஆறேகால் பவுண்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏற்ற முடிந்தது. ஆயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன் 1,300 ஆனது. பெட்ரோல் அந்தப் பலத்தைத் தரவில்லை. கூடுதல் காற்றைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவே.

*

மதியம் சாயல்குடி போகும் வழியில் கரிமூட்டம் ஒன்றின் பக்கத்தில் நின்றேன். சீமைக் கருவேலக் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே தீ வைத்திருக்கிறார்கள். மண்ணில் எங்காவது கீறல் விட்டுப் புகை நிறம் மாறினால் ஓடிப்போய் ஈர மண்ணை அப்புகிறார் ஒருவர். காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். இரவு முழுக்க முழித்திருப்பாராம். எரியவும் வேண்டும், எரிந்துவிடவும் கூடாது. இந்த மாவட்டத்துக்கு அது பரம்பரைத் தொழில்போல ஆகிவிட்டது.

அந்த மண்ணுக்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூரில் மின்சாரம் எடுக்கிறார்களே, அந்த இயற்கை வாயு. பெரும்பங்கு மீத்தேன். அதன் ஆக்டேன் 120 பக்கம். இத்தனை பொறுமையுள்ள எரிபொருள் காலுக்கடியில் கிடக்க, நான் டப்பாவில் வரும் ரேஸ் பெட்ரோலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக்டேன் அளவுகோல் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1920களில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு திரவங்களை எடுத்தார். ஒன்று ஐசோ ஆக்டேன், நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100. இன்னொன்று ஹெப்டேன், தொட்டாலே தட்டும், அதற்குச் சுழி. ஆரம்பத்தில் தூய ஹெப்டேனை எண்ணெய்க் கிணற்றிலிருந்து அல்ல, கலிபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பாலிலிருந்துதான் எடுத்தார்கள். பனையில் பாளை சீவுவதுபோல மரத்தைக் கீறி வடித்த பொருள்தான் உலகத்துப் பெட்ரோல் எல்லாவற்றுக்கும் சுழியைக் குறித்துக் கொடுத்தது.

*

ஈயத்தைப் பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. 1921இல் தாமஸ் மிட்க்லி கண்டுபிடித்தார். ஒரு சொட்டு டெட்ரா எத்தில் ஈயம் போதும், தட்டல் நின்றுவிடும். விஷம் என்று அப்போதே தெரியும். அவருக்கே ஈய நஞ்சு ஏறி ஓய்வெடுக்கப் போனார். அதற்குப் பிறகும் உலகம் பல பத்தாண்டுகள் அதை மூச்சில் இழுத்தது. நம் நாட்டில் 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க. பந்தயக்காரர்கள்தான் கடைசிவரை விடவில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் 2007இல்தான் விட்டது. சிறிய பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் இன்றும் ஈயம் உண்டு.

அந்த விமானப் பெட்ரோலைத்தான் சிலர் காதும் காதும் வைத்தமாதிரி 'ரேஸ் ஃப்யூயல்' என்று காருக்குக் கேட்கிறார்கள். கேடலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் ஊற்றினால் ஈயம் அதன் மேல் பூச்சாகப் படிந்து சீக்கிரமே அதைச் செல்லாக்காசாக்கிவிடும். ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து போகும். ஆக, நம்மவர் ஈயமில்லாதது என்று கேட்டது சரி. அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

ஆனால் 'ஈயம் இல்லை' என்று எழுதியிருப்பதாலேயே ஒன்று யோக்கியமாகிவிடாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு டப்பா வாங்கினேன். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். லேபிளில் தீப்பிழம்பு இருந்தது, ஆக்டேன் எண் இல்லை. வாசனை பெயிண்ட் தின்னர் மாதிரி. டோலுயீன்தான், அது தப்பில்லை. அதன் ஆக்டேன் 120-ஐ ஒட்டி வரும். 1988இல் மெக்லாரன் பதினாறு பந்தயங்களில் பதினைந்தை ஜெயித்தபோது ஹோண்டா டர்போ இஞ்சினில் ஊற்றிய பெட்ரோல் 84 சதவீதம் டோலுயீன். மீதி 16 சதவீதம் அந்தச் சுழி மதிப்புள்ள ஹெப்டேன்! விதி 102-க்கு மேல் போகக்கூடாது என்றதால், பொறுமையைக் குறைத்துக்கொள்ளத் தட்டுகிற திரவத்தைக் கலந்தார்கள். லேசில் ஆவியாகாது என்பதால் சூடாக்கித்தான் செலுத்தினார்கள்.

என் டப்பாவில் டோலுயீனோடு வேறொன்றும் இருந்தது. இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். நடுவிலுள்ள பீங்கான் வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருக்க வேண்டும். இது தேரிக்காட்டு மண்ணைக் குழைத்துப் பூசியதுபோலச் செக்கச்செவேல். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. இரும்போ மாங்கனீசோ சேர்த்த ஆக்டேன் பூஸ்டர். ஈயத்தின் வேலையை அதன் பங்காளிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள். பொறி அந்தச் சிவப்புப் பூச்சு வழியாகவே கசிந்து ஓடி, வேகம் பிடிக்கும்போதெல்லாம் வண்டி விக்கியது. நான்கு பிளக், ஒரு சென்சார். என் காசு.

*

சாயங்காலம் அக்கா வீட்டில் ஒரு சோதனை. பேத்தியின் பழைய பால்புட்டி கிடைத்தது, மில்லிக் கோடுகள் அழியாமல். அடுப்படியை விட்டுத் தள்ளிக் கிணற்றடிக்குப் போய், இருபது மில்லி தண்ணீர், மேலே நூற்றெண்பது மில்லி நம்மூர் பங்க் பெட்ரோல். மூடிக் குலுக்கி, மதில் மேல் வைத்தேன்.

மோர்போல வெளுத்து, மெல்லத் தெளிந்தது. கீழே தண்ணீர், மேலே பெட்ரோல், நடுவில் மயிரிழைக் கோடு. இருபதில் இருக்க வேண்டிய கோடு ஐம்பத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றது. பெட்ரோலிலிருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஐந்தில் ஒரு பங்கு.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இது என்ன தம்பி, கீழ தண்ணி பொங்கியிருக்கு?"

"சாராயம், சித்தப்பா. பெட்ரோல்ல கலந்தது."

"நாம கள்ளு எறக்குனா புடிக்கிறான். அவன் பெட்ரோல்லயே ஊத்துறானா?"

1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள மாநிலம். இங்கே பனையேறுகிறவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குகிறார், புளித்துவிடாமல் இருக்க. அந்தப் புளிப்பைக் காய்ச்சி வடித்தால் வருவதைத்தான் எத்தனால் என்று கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுத்து வண்டிகளுக்கு ஊற்றுகிறோம். சித்தப்பாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எத்தனாலின் ஆக்டேன் 109 பக்கம். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். துருத்தி இஞ்சினுக்கு அமிர்தம். பழைய சாதாரணப் பெட்ரோல் 91. இருபது சதவீதம் கலந்ததற்கு 95. யாருக்கும் சொல்லாமல் ஊர்ப் பங்க்கிலேயே பந்தயப் பெட்ரோலின் சாயல் வந்துவிட்டது. ஆனால் 20 வருஷ மெர்சிடிஸின் ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்தவை அல்ல. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கும் 13.5 பக்கம் இறங்குகிறது. கணினியில் திருத்தாமல் முழு வேகத்தில் ஓட்டினால் இஞ்சின் பட்டினியில் ஓடும். பட்டினியில் ஓடும் இஞ்சின் சூடாகும். கடற்கரை ஈரத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், பால்புட்டியில் பார்த்ததே டேங்க்குக்குள்ளும் நடக்கலாம்.

*

இரவு. கோயில் பக்கம் நாதஸ்வரம் கேட்கிறது.

அவருக்கு என்ன சொல்வது? இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்று 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. மதுரா சுத்திகரிப்பு ஆலைச் சரக்கு. முதல் சுற்றில் வடக்கிலும் மேற்கிலும் பத்து ஊர்கள், அடுத்த சுற்றில் சென்னை. வந்த புதிதில் டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அதை ஊற்றலாம். டப்பாவில் வரும் அமெரிக்கச் சரக்கு வேண்டுமென்றால் எண்ணை ஏமாறாமல் படிக்க வேண்டும். அங்கே 100 என்றால் இரண்டு எண்களின் சராசரி. சனோகோவின் 260 ஜிடி என்ற ஈயமில்லாப் பந்தயப் பெட்ரோலில் 100 என்று போட்டிருக்கும். நம் கணக்கில் அது 105. இன்னொரு எண் 95.

அந்த இன்னொரு எண்தான் இரவு என்னைத் தூங்கவிடாதது. ஒரே பெட்ரோலை இரண்டு விதமாகச் சோதிக்கிறார்கள். ஆர்.ஓ.என். சோதனையில் சோதனை இஞ்சின் 600 சுற்று, உள்ளே போகும் காற்று 52 டிகிரி. எம்.ஓ.என். சோதனையில் 900 சுற்று, கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கிவிடுவார்கள். மிதமான சூட்டில் 109 மதிப்பெண் வாங்கும் எத்தனால் அங்கே 90 வாங்குகிறது. நம் பங்க்குகளில் எழுதியிருப்பது எல்லாம் முதல் எண்.

இப்போது அந்த மெர்சிடிஸ். இன்டர்கூலர் வேலை செய்தால் காற்று 50, 60-க்கு இறங்கும். பங்க்கில் எழுதிய முதல் எண் அவருக்குக் கிடைக்கும். அடைத்திருந்தால் அவர் காசு கொடுத்து வாங்கிய 100, இரண்டாவது எண்ணை நோக்கி நழுவிக்கொண்டே இருக்கும். போன தடவை வண்டி வந்தபோது முன்பக்க ஜாலியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூச்சிகளும் மணலும் அப்பிக் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று கழுவாமல் விட்டதும் நான்தான்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "சார், பெட்ரோல் அப்புறம். முதல்ல இன்டர்கூலரக் கழட்டிக் கழுவறேன். டிராக் டேக்கு நூறு ஆக்டேன் போதும், டப்பா வேணாம்." உடனே பதில் வந்தது: "எவ்ளோ பிஹெச்பி கூடும்ணா?" சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

திங்கள்கிழமை வேலைகள்:

டேங்க்கில் இருப்பதை முழுக்க வடிக்க வேண்டும். வடித்ததைப் பட்டறையில் சேர்த்துவைக்கக் கூடாது. 1934ஆம் வருஷச் சட்டப்படி உரிமமில்லாமல் முப்பது லிட்டருக்கு மேல் கூடாது, ஏற்கெனவே ஒரு கேன் கிடக்கிறது.

இன்டர்கூலர். வளைந்த ஃபின்களைச் சீப்பால் நிமிர்த்த வேண்டும்.

புதுப் பிளக் நான்கு. பழையதைத் தூக்கிப் போடாமல் நிறம் பார்க்க வேண்டும்.

செப்புக் குழாயின் ரப்பர் டியூப் விறைத்துவிட்டது, மாற்ற வேண்டும். தட்டல் கேட்கும் இடத்திலிருந்து இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னால் இழுத்து அங்கேயே விட்டுவிட வேண்டும். அவர் கேட்டாலும் முன்னால் தள்ளக் கூடாது.

அக்காவுக்குப் புதுப் பால்புட்டி ஒன்று.